சிமிட்டிக்கொண்டிருந்த புள்ளி

தங்கையின் மணிக்கட்டில் அந்தக் கடிகாரம் இரவல் வாங்கிக் கட்டியது போலப் பெரிதாக இருந்தது. அலுவலகத்தில் கொடுத்தது. நாளைக் காலையிலிருந்து மலை மேல் நிற்கும் மின்கோபுரங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும். எங்கே துரு, எங்கே விரிசல் என்று எழுதி, கோபுரம் நிற்கும் இடத்தை இந்தக் கடிகாரத்தில் பதிந்துவிட்டு வர வேண்டும். தனியாகத்தான். நாற்பத்தொரு வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. பயம் கண்ணில் தெரிந்தது, வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாளு பயிற்சின்னு சொல்லி உட்கார வச்சாங்கண்ணா. ஒரு எழவும் மண்டையில ஏறல. நீதான் சொல்லித் தரணும்."

"வேற யாரு சொல்லித் தருவா? நம்ம சாட்டிலைட் இருக்கும்போது," என்றார் அவள் கணவர்.

அந்தப் பட்டப்பெயர் அவர் வைத்ததுதான். அண்ணனும் அவரும் மலையேறப் போன நாட்களில், அண்ணன் பாதையைப் பார்த்ததைவிடத் தன் மணிக்கட்டைப் பார்த்ததுதான் அதிகம். வானத்தில் எத்தனை செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நின்று நின்று கணக்குச் சொல்வான். தொழிலும் அப்படி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு அரை மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயமில்லை. மாப்பிள்ளை தபால்காரர். வாரம் முழுக்கத் தெருத்தெருவாக நடந்துவிட்டு, விடுமுறை நாளிலும் நடப்போமா என்று வந்து நிற்பார். இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதம் பிரிக்கிறார். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி நாற்காலி ஓரமாகச் சாய்த்துவிட்டுத்தான் காப்பியைக் கையில் எடுப்பார்.

அண்ணன் அந்தப் பக்கம் பார்க்காமல் பேசப் பழகி மூன்று வருடம் ஆகிறது.

"முதல்ல முழுக்கைச் சட்டை போட்டா கடிகாரத்தை மூடாத. மேல மாட்டு," என்றான் தங்கையிடம். "சுவர் ஓரமா, பாறை ஓரமா நின்னு பதியாத. வானம் நல்லாத் தெரியிற இடத்துக்கு வா. கடிகார முகம் மேல பார்த்த மாதிரி கையை வச்சுக்கோ. ஆட்டாத. அப்புறம்..."

"அப்புறம்?"

"கொஞ்சம் பொறுத்துப் பதியணும்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்."

அவனுக்கே வெட்கமாக இருந்தது. இதையே வேறு யாராவது கேட்டிருந்தால் அரை மணி நேரம் வகுப்பெடுத்திருப்பான். தங்கையோ அவன் முடிப்பதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டாள். கூடத்தில், கூரைக்குக் கீழே, விளக்கடியில்.

"அட, உடனே காட்டுதே! இதுக்குப் போயி என்னவோன்னு பயந்தேன். இந்தா, ரெண்டு வரி நம்பர். இதானே?"

அண்ணன் குனிந்து பார்த்தான். இடத்தைச் சொல்லும் எண்கள் இருந்தன. அவற்றுக்கு மேலே கடுகு அளவு புள்ளி ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது. மேசையில் அவளுடைய பயிற்சி நோட்டு திறந்து கிடந்தது. நேற்று அலுவலக வாசலில் எடுத்த எண்களை முத்து முத்தாக எழுதி வைத்திருந்தாள். கடிகாரத்தில் இருந்ததும் அதேதான், கடைசி இலக்கம் வரைக்கும். ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அலுவலகத்தை, இதுதான் உன் வீடு என்று கடிகாரம் காட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அவன் கவனித்தான்.

அன்றைக்கும் இப்படித்தான். காய்ந்த ஓடையில் கல் உருண்டு மாப்பிள்ளையின் காலை நசுக்கியிருந்தது. கல்லை நெம்பித் தள்ளிவிட்டு, போன் எடுக்கும் ஒரு மேட்டுக்கு அவன் மூச்சிரைக்க ஏறினான். மீட்புக்குழுவில் இருந்து, எங்கே இருக்கிறீர்கள், எண்ணைச் சொல்லுங்கள் என்றார்கள். மதியம் சாப்பிட்ட இடத்திலேயே சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று கடிகாரத்தில் செயற்கைக்கோள் தொடர்பை அணைத்து வைத்திருந்தான். இப்போது போட்டான். எண்கள் உடனே வந்தன. மேலே புள்ளி சிமிட்டியது. சிமிட்டினால் அது பழைய இடம், செயற்கைக்கோள்களை இன்னும் பிடிக்கவில்லை, நிற்கும் வரை காத்திரு. இது அவனுக்குத் தன் பெயரைப் போலத் தெரியும். கீழே மாப்பிள்ளை அலறிக்கொண்டிருந்தார். அவன் படித்துச் சொல்லிவிட்டான். அவர்கள் மலைக்கு அந்தப் பக்கம், இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய மரத்தடிக்குப் போய்த் தேடினார்கள். அங்கிருந்து இவர்களைக் கண்டுபிடித்து வர மூன்று மணி நேரம் கூடுதலாயிற்று. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

பள்ளத்தாக்கில் சிக்னல் சரியில்லை, கடிகாரம் ஏமாற்றிவிட்டது என்று அண்ணன் பூசி மெழுகினான். யாரும் துருவிக் கேட்கவில்லை. மாப்பிள்ளை இன்றுவரை அந்தக் கடிகாரத்தைச் செய்த கம்பெனிக்காரனைத்தான் திட்டுகிறார். திட்டிவிட்டு, "பாவம், எங்க மச்சான் அன்னிக்கு அழுத அழுகை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருக்கும்.

இப்போதும் ஒரு வழி இருந்தது. ராத்திரி போனில் தங்கையிடம் மட்டும் சொல்லிவிடலாம். சொல்லிவிடலாம் என்றுதான் மூன்று வருடமும் போயிற்று. தன்னைப் பற்றி அவனுக்குத் தெரியாதா என்ன? நாளைக்கு மலையில் இவள் விழுந்து, சிமிட்டுகிற எண்ணை இவளும் படித்துச் சொன்னால்?

"அது தப்பு நம்பர்," என்றான்.

"என்னண்ணா?"

"நோட்டைப் பாரு. நேத்து ஆபீஸ்ல எழுதினதுதான் இதுவும். மேல புள்ளி சிமிட்டுதுல்ல? அது நிக்கிற வரைக்கும் இது பழைய இடத்தைத்தான் காட்டும். கடைசியா எங்க பிடிச்சுச்சோ அந்த இடம். எவ்வளவு அவசரம்னாலும் சிமிட்டும்போது படிச்சுச் சொல்லிடாத. உயிர் போற அவசரம்னாலும் சொல்லாத."

நோட்டையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்த தங்கை, மெல்லத் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். மாப்பிள்ளை காப்பி டம்ளரைத் தரையில் வைத்தார்.

"எல்லாக் கடிகாரமும் அப்படித்தானா மச்சான்?"

"ஆமா மாப்ளே."

"உன்னோடதும்?"

"என்னோடதும்."

"அன்னிக்கு சிமிட்டிச்சா?"

"சிமிட்டிச்சு." அண்ணன் நாற்காலிப் பக்கம் பார்த்தான். "தெரிஞ்சுதான் சொன்னேன். அவசரத்துல... தெரியாம இல்ல மாப்ளே. தெரியும்."

மாப்பிள்ளை நாற்காலி ஓரமாகக் கையை நீட்டினார். செயற்கைக் காலை இழுத்து மாட்டினார். வாரை இறுக்க வழக்கத்தைவிட நேரம் ஆயிற்று. அண்ணன் கை கொடுக்க எழுந்தான். அவர் அந்தக் கையைப் பார்க்காமல் தடியை எடுத்துக்கொண்டார்.

"வெளியே வா," என்றார் மனைவியிடம். "வானம் தெரியிற இடத்துல நின்னு செய். நான் பார்க்கணும்."

குடியிருப்புக்கு முன்னால் வண்டிகள் நிறுத்தும் இடம் காலியாகக் கிடந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கை நடுவில் போய் நின்று, தளும்பத் தளும்ப நீர் நிரம்பிய கிண்ணத்தை ஏந்துவது போலக் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். மாப்பிள்ளை படியில் நின்றபடி தன் பழைய முள் கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அண்ணன் அவருக்கு ஒரு படி கீழே நின்றான். யாரோ மாடியில் துணி உதறினார்கள். ஒரு சைக்கிள் போயிற்று. மூவரும் அசையவில்லை.

கடிகாரம் சின்னதாக ஒரு ஒலி எழுப்பியது.

"நின்னுடுச்சு," என்றாள் தங்கை, திரும்பாமல்.

மாப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட்," என்றார். பிறகு, சண்டைக்கு இல்லாமல், தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் போல, "இவ்வளவுதானா மச்சான்?" என்றார்.

தங்கையின் தோள்கள் குலுங்கத் தொடங்கியிருந்தன. நீட்டிய கையை மட்டும் அவள் ஆட்டாமல் அப்படியே வைத்திருந்தாள். இறக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.