இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"அக்கா, ஸ்டாஃப் கார்டுல எடுத்ததெல்லாம் இனிமே கணக்குல சேர்த்துக்க மாட்டாங்களாம். கவுன்சில்ல இருந்து மெயில் வந்திருக்கு. உங்க ஹெஸ்டரம்மா போயாகணும்."

பிரீத்தா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். லண்டன் செவன் கிங்ஸ் நூலகத்துக்கு அவள்தான் மானேஜர். சென்னைப் பிள்ளை, நல்ல பிள்ளை. பத்து வருடம் யாரும் இரவல் எடுக்காத புத்தகத்தைத் தட்டில் வைத்திருக்கக் கூடாதென்பது அங்கே சட்டம். அதற்காகவே அங்கே வேலை பார்க்கும் மேரிசாந்தி பதினாறு வருடமாக ஒவ்வொரு தை மாதமும் ஹெஸ்டரின் நாவல் ஒன்றைத் தன் ஸ்டாஃப் கார்டில் பதிந்து, வீட்டுக்குக் கொண்டுபோய், மூன்று கிழமை கழித்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். உலகத்திலேயே ஹெஸ்டர் பிராங்கமுக்கு மிஞ்சியிருந்த ஒரே வாசகி அவளாகத்தான் இருக்க வேண்டும்.

யார் இந்த ஹெஸ்டர் பிராங்கம் என்று கேட்டால் லண்டனில் ஒருத்தருக்கும் தெரியாது. பதினேழு நாவல் எழுதிய மனுசி. கலியாணம் கட்டவில்லை. பாதிரியாரான தகப்பனை முப்பது வருடம் வைத்துப் பராமரித்தாள். விவாகரத்து கூடாது, பெண்ணுக்கு வீடே பெரிது என்று பேப்பர்களுக்குக் கடிதம் எழுதித் தள்ளினாள். காலம் அவளைத் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டது. ஆனால் மன்னாரில், கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில், சிஸ்டர்மாருக்கு அவள் என்றால் உயிர். பெரிய வகுப்புப் பெட்டைகளுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த ஆங்கில நாவல் இது ஒன்றுதான்.

அதிலும் இரண்டு பக்கத்தைக் காணக் கிடைக்காது. 212, 213. சிஸ்டர் பிலோமினா மண்ணிறத் தாளை மாப்பசை தடவி ஒட்டிவிட்டிருந்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தும் ஓர் எழுத்துத் தெரியவில்லை. முத்தம்தான், வேறென்ன என்று பெட்டைகள் சிரித்தார்கள். 211இல், தன்னோடு வரச்சொல்லிக் கேட்டவனுக்குக் கதாநாயகி ஆக்னஸ் மாட்டேன் என்கிறாள், அப்பா தனித்துப்போவார் என்று. 214இல் அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாள், கை நடுங்காமல். என்ன பெண்ணப்பா இவள் என்று மேரிசாந்தி அப்போது மலைத்துப்போனாள்.

எண்பத்தெட்டில் அவளை விரும்பிய ஜெராட் வந்து, லண்டனுக்குப் போறன், கலியாணம் எழுதிக்கொண்டு நீரும் வாரும் என்று கேட்டபோது, அவள் ஆக்னஸைப் போலவே நிமிர்ந்து நின்று ஏலாது என்றாள். உள்ளே போய் அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அப்பா கண்மூடப் பதினொரு வருடம் ஆயிற்று. பிறகு தம்பி கூப்பிட்டு அவளும் இங்கே வந்தாள். வந்து பார்த்தால் அவள் பூசைக்குப் போன கோயிலிலேயே, மூன்று வாங்கு வரிசை முன்னால் உட்கார்ந்து, மனைவி பிள்ளையோடு ஜெராட். இரண்டு பேரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு வருடங்களைக் கழித்தார்கள். மனைவி செத்து மூன்று வருடம். போன ஞாயிறு பூசை முடிய கார் பார்க்கில் வந்து நின்றான்.

"வியாழக்கிழமை இங்க செவன் கிங்ஸ் ஸ்டேஷன்ல நாலு மணி ரயில் ஏறிப் போறன் சாந்தி. பேர்மிங்காமுக்கு, மகளோடை இருக்க. நீர் ஸ்டேஷனுக்கு வந்து ஒரு சொல்லுச் சொன்னா நிப்பன். வராட்டிக் குறையில்லை."

இன்றைக்கு வியாழன். போவதில்லை என்று காலையிலேயே முடிவெடுத்துத்தான் வேலைக்கு வந்திருந்தாள். இந்த வயதில் என்ன கூத்து!

சிவப்பு முத்திரையைக் கையில் எடுத்தாள். குத்தினால் புத்தகம் குப்பைப் பெட்டிக்கு. இந்தப் பிரதியில் ஒட்டுத்தாள் கிடையாது. பதினாறு வருடம் கையில் வைத்திருந்தும் 211இலிருந்து நேரே 214க்குத்தான் தாண்டியிருக்கிறாள். முத்தத்தைப் பார்க்க என்ன இருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். உண்மையில் பயம். அதில் வேறேதும் எழுதியிருந்தால், இவ்வளவு காலமும் அவள் எதை நம்பி வாழ்ந்தது?

முத்திரையை வைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

முத்தம் இல்லை. ஆக்னஸ் ஓடுகிறாள். கையில் கோப்பை துடைத்த துணி, தலையில் தொப்பி இல்லை, ஊர் முழுக்கப் பார்க்கிறது. ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர ரயில் போய்விட்டது. வெறும் மேடையில் நின்று, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவன் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறாள். மூட்டை தூக்குகிறவன் ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறான். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றியிருக்கிறாள்.

"மாதாவே! ஏன் சிஸ்டர் மறைச்சனீங்கள்?" என்று வாய்விட்டே கேட்டாள் மேரிசாந்தி. அந்தக் கட்டுப்பெட்டிக் கிழவி ஹெஸ்டருக்கும் இது தெரிந்திருந்ததே! பேப்பருக்கு எழுதாததை இங்கே எழுதி வைத்திருந்தாளே! கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. சுவரில் மணி நாலுக்குப் பத்து.

வாசலைத் தாண்டும்போது அலாரம் அலறியது.

"அக்கா! புக் இஷ்யூ பண்ணவே இல்ல! அக்கா, கோட்ட விட்டுட்டீங்க!"

வெளியே மழை. புத்தகம் கக்கத்தில், கழுத்தில் அடையாள அட்டை ஆடியபடி. சேலைக்கடையைத் தாண்டும்போதே மூச்சு இளைத்தது. ஐம்பத்தெட்டு வயது முழங்கால் அவ்வளவுதான் ஓடும். ஸ்டேஷன் இன்னும் ஒரு தெரு தள்ளி. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கூப்பிடலாம் என்று அவள் காத்திருக்கவில்லை.

"ஜெராட்!"

பஸ் தரிப்பில் நின்ற யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"ஜெராட்!" என்றாள் திரும்பவும், இன்னும் உரத்து.