ஒரே ஒரு காகிதத் தட்டு

குஷாய்குடாவில் ஜகதீசன் சார் வீட்டு ஹாலில் அழுகை முடிந்து சாப்பாட்டு நேரம் வந்தது. அழுதவர் சார்தான். பிழைக்க வந்த ஊரில் நாங்கள் நடத்தும் தமிழ் வாசகர் வட்டத்தின் தலைவர். எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு ஹாலிலும் மைக் முன்னால் நிற்பவர்போலத்தான் பேசுவார்.

அழவைத்தது ஷாந்தால் வீராப்பென் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். மொரீஷியஸ்காரி. வெள்ளைக்காரன் கரும்பு வெட்டக் கப்பலேற்றிக் கொண்டுபோன தமிழர்களின் வழிவந்தவள். தமிழில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். நாவலைத் தமிழாக்கியவள் நான். ஒரே அண்டாவில் எல்லோரும் கைவிட்டுச் சாப்பிடுவதில் தொடங்கும் கப்பல் அத்தியாயம், 'எங்கள் சாதியைக் கடல் தின்றுவிட்டது' என்று முடியும். அந்த வரியைத்தான் சார் திரும்பத் திரும்பப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புத்தகத்தை வட்டமே அச்சிடும் என்றும் அறிவித்தார். ஷாந்தால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தன் ஆட்களோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடத்தான் இத்தனை தூரம் வந்ததாகக் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

மேஜையில் எவர்சில்வர் தட்டுகள் வரிசையாக இருந்தன. பரிமாற வந்த சாரின் மனைவி கல்பகம் ஆன்ட்டி, ஷாந்தாலிடம் ஆங்கிலத்தில் தேனாகப் பேசினார். பூர்வீகம் எந்தப் பக்கம், குலதெய்வம் எது என்று கேட்டார். சாதியைக் கேட்காமல் கேட்பதற்கு நம்மவர்கள் வைத்திருக்கும் வழி இது. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்று பூரித்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். கரும்புக் காட்டோரம் நிற்கும் கல்சாமி, அதற்குப் படைக்கும் சேவல், சாராயம், எஸ்டேட்டில் சாவு விழுந்த வீடுகளில் கொள்ளுத்தாத்தா பறை அடித்தது. அந்த அடியை மேஜைமேல் விரலால் தட்டியும் காட்டினாள்.

ஆன்ட்டி அவள் முன்னாலிருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பும்போது கையில் காகிதத் தட்டும் காகிதக் கப்பும் இருந்தன.

"ஃபாரின்காரங்க இல்லையா, ஹைஜீனிக்கா இருக்கட்டும்," என்றார் என்னிடம்.

சார் பார்த்தார். பார்த்துவிட்டுக் குழம்பைப் பிசைந்தார். மற்றவர்களும் பிசைந்தார்கள். துடைத்த ஈரம் காயாத அந்தக் கண், சோற்றுக்குள் அளையும் அந்த விரல்கள், ரசம் உறிஞ்சும் சத்தம், எல்லாமே அருவருப்பாக இருந்தன.

"சார், அந்தத் தட்டைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்க," என்றேன்.

"நக்கோம்மா, கைக்கு இந்தப் பேச்செல்லாம்? புக் நல்லபடியா வரணும்ல?" வேண்டாம், எதற்கு என்பதை இந்த ஊர் உருதுவில் சொன்னார், குரலை உயர்த்தவே இல்லை.

தனக்கு மட்டும் ஏன் வேறு தட்டு என்று ஷாந்தால் சிரித்தபடி என்னிடம் கேட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் புத்தகம் வந்துவிடும். நான் சொல்லிவிட்டேன்.

அவள் சிரிப்பு போகக் கொஞ்ச நேரம் ஆனது. சோற்றைத் தொடாமல் எழுந்தாள். நானும் எழுந்தேன். யாரும் தடுக்கவில்லை, ஆன்ட்டி பாயசம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

ஆட்டோ தார்நாகாவைத் தாண்டும்போது அவள், சாதியைக் கடல் தின்றுவிட்டது என்ற கப்பல் அத்தியாயத்தின் கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னாள்.

"ஆங்கிலத்தில் இருக்கட்டும், அங்கே அது உண்மை. தமிழில் மட்டும் எடுத்துவிடு," என்றாள்.