பொரியாத முட்டைகள்

அடையாறு ஆய்வுக்கூடத்தில் அனுப்ரியாவுக்கும் ஏஞ்சலுக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. டெங்குக் காய்ச்சல் ஏஞ்சலைக் கொண்டுபோன பிறகும் அவள் வளர்த்த பழ ஈக்கள் கண்ணாடிக் குழாய்களில் பெருகிக்கொண்டுதான் இருந்தன. அவளுடைய வேலையை முடித்துக் கொடுக்கிறேன் என்று அனுப்ரியாவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஈயின் மரபணுக்களுக்கு நடுவே, இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் சில உண்டு. சினைப்பையில் அவை அடங்காமல் தாவினால் முட்டை பாழ். அவற்றை அடக்க, செல் ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. இழையைக் குட்டிக் குட்டித் துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொள்கிறது. தாவுகிறவற்றை அடையாளம் காட்டிக் கொடுப்பவை அந்தக் குட்டிகள்தாம். நறுக்கும் வேலைக்குத் துணைபோகும் புதிய மரபணு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக ஏஞ்சல் நம்பினாள். அதன் இரண்டு பிரதிகளையும் அவள் நீக்கிய ஈக்களில் குட்டி ஆர்.என்.ஏ. உருவாகவில்லை, முட்டைகளும் பொரியவில்லை; ஒரு பிரதி மிஞ்சிய ஈக்கள்தான் பெருகின.

ஒரு சோதனைதான் பாக்கி இருந்தது. அந்த மரபணுவைத் திரும்ப வைத்தால் முட்டை பொரிய வேண்டும்.

அனுப்ரியா வைத்துப் பார்த்தாள். பொரியவில்லை. கை பிசகியிருக்கும் என்று முதலிலிருந்து செய்தாள். அப்போதும் இல்லை. தேடிப் பார்த்ததில் கோளாறு வேறெங்கோ இருந்தது: அதே குரோமோசோமில் இன்னொரு மரபணு தற்செயலாகச் சிதைந்திருந்தது. நறுக்கும் வேலைக்கு அது தேவை என்பது உலகம் முழுக்க ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

"இதுல புதுசா ஒண்ணுமில்லம்மா, விட்டுடு" என்றார் பேராசிரியர் ராம்குமார்.

ஏஞ்சலின் அம்மா முத்தம்மாவிடம் இதை யாராவது சொல்லியாக வேண்டும். மகளின் பெயர் வெளிநாட்டுப் புத்தகத்தில் வரப்போகிறது என்று மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நொச்சிக்குப்பம் மீன் கடையில் முத்தம்மா சங்கரா மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தார். அனுப்ரியாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா கண்ணு. பேரு வந்துடுச்சா?"

"இல்லம்மா. வராது." அனுப்ரியா அவர் பக்கத்தில் குந்தினாள். "அவ நினைச்ச மரபணு அது இல்ல. பக்கத்துல வேற ஒண்ணு கெட்டுப்போயிருந்துச்சு. அவளுக்கு அது தெரிய வழியே இல்ல."

முத்தம்மாவின் கத்தி நின்றது.

"அப்போ எம் பொண்ணு செஞ்சதெல்லாம் வீணா?"

"வீணில்லம்மா..."

"நீ இன்னாத்துக்கு மறுபடியும் பாத்த?"

"அவ இருந்தா அவளே பாத்திருப்பாம்மா. பாக்காம விடுற ஆளா அவ?"

"அவ இருந்து பாத்தா அது வேற." முத்தம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தார், கன்னத்தில் செதில் ஒட்டிக்கொண்டது. "ஒரு நாள் அழுவா. அப்பால வேற ஒண்ணத் தேடிக்கினு போவா. இப்ப இன்னா பண்ணுவா, சொல்லு?"

யாரோ வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டார்கள். முத்தம்மா விலையைச் சொல்லிவிட்டுத் தராசை எடுத்தார். அப்புறம் இவள் பக்கம் திரும்பவேயில்லை.

மறுநாள் அந்தக் குழாய்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். உதவியாளர் கை நீட்டியபோது அனுப்ரியா கொடுக்கவில்லை. தானே தட்டோடு தூக்கிப்போய், வேண்டாத ஈக்களைக் குளிரில் சாகவைக்கும் உறைபெட்டியில் வைத்தாள். ஈக்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிச் சுவரிலிருந்து நழுவி விழுந்தன. கடைசி ஈ விழும்வரை அவள் கதவை மூடவில்லை. குளிர் முகத்தில் அடிக்க, அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.