எந்திரத்துக்கு அடியில் டில்டா

லிண்டல் ஊர்த் தபாலாபீஸ் சுவரில் கதிரடிக்கும் எந்திரத்தைப் பெரிதாக்கி வரைந்த அன்று மத்தியானம் டில்டா ஹோவ்லாண்ட் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனாள். ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை. முட்டை விலை அந்த வாரம் இறங்கியிருந்தது. ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

மழை பொய்த்து, உழுத மண் காற்றில் பறந்து, நெப்ராஸ்காவில் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வாஷிங்டனிலிருந்த அரசாங்கம் ஓவியர்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று ஊர் ஊராகத் தபாலாபீஸ் சுவர்களில் படம் எழுதச் சொல்லியிருந்தது. லிண்டலுக்கு வந்தவன் ரஸ்ஸல் ஆம்ஸ்டன். இளவயதில் பாரிஸுக்குப் போய்ப் படித்து, எதுவும் ஒட்டாமல் திரும்பியவன். சிறகு முளைத்த பெண்களை இனி வரைய மாட்டேன், சோளக்கொல்லையும் தானியக் கொட்டாரமும் பன்றியும்தான் நம் நாட்டு ஓவியம் என்று சொல்லிக்கொண்டு, முடிவெட்டும் கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கினான். சாரம் கட்டி வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து தபால்தலை வாங்க வந்தவர்களெல்லாம் அண்ணாந்து நின்று குறை கண்டுபிடித்தார்கள்.

"இது எந்த ஊருப் பன்னி? வாலு தப்பா சுருண்டிருக்கே."

"உங்க வீட்டுப் பன்னிதாங்க. நேத்துதான் வந்து பாத்து வரைஞ்சேன்."

"எங்க வீட்டுதா? அப்போ இன்னும் கொழுப்பா இருக்கணுமே."

படத்தின் நடுவில் அவனுக்கு ஒரு பெண் வேண்டியிருந்தது. கதிரடிக்கிறவர்களுக்குச் சாப்பாட்டு வாளியும் காபிப் பாத்திரமும் எடுத்துக்கொண்டு கோதுமைத் தாளுக்குள் நடந்து வருகிற பெண். வெள்ளிக்கிழமைகளில் முட்டை கொண்டுவரும் டில்டாவைக் கேட்டான். அவளுக்கு நாற்பது நெருங்கியிருந்தது. அப்பா செத்த பிறகு ஊருக்குக் கிழக்கே கோழிகளோடு தனியாக இருந்தாள். அவள் வந்து நின்றாள். பிறந்ததிலிருந்து அவளை யாரும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பார்த்ததில்லை. முதல் நாள் கழுத்து வியர்த்தது, பிறகு பழகிவிட்டது. ஏப்ரன் காற்றில் ஒரு பக்கம் விசிற, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் சுவரில் வந்து சேர்ந்தாள். அதன் பிறகு, கடிதம் எழுத ஒருவரும் இல்லாத டில்டா அடிக்கடி தபால்தலை வாங்கினாள்.

ஊருக்கெல்லாம் கதிரடித்துக் கொடுக்கும் எந்திரம் நெல்ஸ் பிரெக்கேயுடையது. மனைவியை இழந்தவர், ஐம்பது வயது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் டில்டாவின் சமையலறைக்குக் காபி குடிக்கப் போவார். பெல்ட் அறுந்த கதை, சக்கரம் சூடேறிய கதை இவைதான் பேச்சு. அறுவடை முடிந்ததும் அவர் கல்யாணப் பேச்சை எடுப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

அந்த நெல்ஸ்தான் படத்தின் முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என் எந்திரம் என்னங்க, தையல் மிஷின் மாதிரி இருக்கு?"

சொன்ன பிறகுதான் எல்லோர் கண்ணுக்கும் அது பட்டது. ஊருக்குச் சோறு போடுகிற எந்திரம் அது, இத்தனை சிறிதாகவா இருக்கும் என்று நகரசபைத் தலைவர் கேட்டார், போதகர் கேட்டார். தபாலாபீஸ் அதிகாரி மேலே எழுதிப் போடுவேன் என்றார். ஆம்ஸ்டன் ஒரு நாள் முழுக்க வாதாடினான். மறுநாள் சிவப்புச் சாயத்தைக் குழைத்து எந்திரத்தைப் பெரிதாக்கினான். அது வளர இடம் படத்தில் டில்டா நின்ற பக்கம்தான் இருந்தது; சிவப்பு அவளை முழுக்க மூடிவிட்டது.

அந்த நேரத்தில் டில்டா சோர்பியின் மளிகைக் கடையில் இருந்தாள். சோர்பி சர்க்கரை நிறுத்துவிட்டுத் திரும்பினார்.

"முட்டை இருக்கு. டில்டா எங்க போனா?"

"எங்கயும் போகலயே. இங்கதான் நிக்கிறேன்."

"சரி சரி. சர்க்கரையை எடுத்துக்கோ."

காற்றில் பொட்டலம் எழுந்து, பிறகு அதுவும் தெரியாமல் போனதைச் சோர்பி பார்த்தார். அடுத்து நின்றவருக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார்.

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. மருத்துவர் வந்து நாடியைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, உடம்பு நன்றாக இருக்கிறது, உப்பைக் குறைத்துக்கொள் என்றார். சர்ச்சில் இரண்டு பேர் அவள் மடியில் உட்கார்ந்துவிட்டதால், மூன்றாம் பெஞ்சின் ஓரத்தை விட்டுவைக்கும்படி போதகர் அறிவித்தார். மழையில் நின்றால் நீர் வழிந்து அவள் உருவம் தெரியும் என்று சொன்னார்கள். அந்த வருஷங்களில் மழை அபூர்வம், வந்தாலும் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள். டில்டாவுக்கு வலித்தது வேறொன்று. ஊரில் பலருக்கு இதனால் பெரிய வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை.

நெல்ஸுக்கு ஏற்பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார், எதிர் நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இங்கதான இருக்க?"

"இங்கதான்."

"ஏதாவது சத்தம் பண்ணிட்டே இரேன். யார்கிட்ட பேசுறேன்னு தெரிய மாட்டேங்குது."

அவள் கரண்டியால் கோப்பையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவர் கொஞ்ச நேரம் நாற்காலியைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்துப் பேசினார், அது சுலபமாக இருந்தது. தன் வாயிலிருந்து வந்த வார்த்தையால் நடந்தது என்று அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. குளிர் தொடங்கியதும் வாரம் விட்டு வாரம் வந்தார். கிறிஸ்துமஸுக்கு உப்பிட்ட பன்றித்தொடை ஒன்று கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு வரவில்லை. சண்டை எதுவும் கிடையாது. அவருக்கு வைத்த கோப்பையை அவள் ரொம்ப நாள் அலமாரிக்குள் எடுத்து வைக்காமல் இருந்தாள்.

யுத்தம் வந்தது. பழைய இரும்பு கொடுங்கள் என்று அரசாங்கம் கேட்டபோது நெல்ஸ் தன் எந்திரத்தைக் கொடுத்துவிட்டார். அறுத்துக்கொண்டே அடிக்கிற புது எந்திரங்கள் வயலுக்கு வந்துவிட்டிருந்தன. அவருடையதைக் கூப்பிட ஆளில்லை. யாரும் அதைப் படம் பிடித்து வைத்திருக்கவில்லை. தபாலாபீஸ் சுவரில் இருந்ததுதான் மிச்சம்.

அந்தக் குளிர்காலத்தில் டில்டா கோழிகளைப் பக்கத்துப் பண்ணையில் விட்டுவிட்டு, ஆம்ஸ்டனைத் தேடி ஒமாஹா நகரத்துக்குப் பஸ் ஏறினாள். மாவட்ட எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "எப்பம்மா ஏறுனீங்க? டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் நரைத்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது யாரென்று புரிந்தது.

ஆம்ஸ்டன் ஒமாஹாவில் விளம்பரப் பலகைகளில் பன்றிக் கொழுப்பு டப்பா வரைந்துகொண்டிருந்தான். கொட்டாரமும் கோதுமையும் இப்போது யாருக்கும் வேண்டாம், நியூயார்க்கில் சிரிக்கிறார்கள் என்றான். ஆனால் ஏணி மேலிருந்தே அவளைத் தெரிந்துகொண்டான்.

"டில்டா," என்று இறங்கி வந்தான். "உங்களை அழின்னு யாரும் சொல்லல. எந்திரத்தைப் பெருசாக்குன்னாங்க. இடம் அங்கதான் இருந்துச்சு."

"வந்து சுரண்டி எடுக்க முடியுமா?"

"சுரண்டுனா நீங்களும் சேந்து வந்துருவீங்க. அந்தச் சிவப்பு மட்டமான சாயம். வருஷம் ஆக ஆகத் தானே கண்ணாடி மாதிரி ஆயிரும். அடியில இருக்கறது மேல தெரியும்."

"எத்தனை வருஷம் ஆகும்?"

"அது எனக்குத் தெரியலம்மா."

ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை கிடைத்தது. தெருவில் ஆட்கள் அவளைப் பார்த்து விலகி நடந்தார்கள், கடைக்காரர்கள் முகத்தைப் பார்த்துச் சில்லறை கொடுத்தார்கள். முதல் மாதம் அதற்காகவே வேண்டாத சாமான்களை வாங்கினாள். வசந்தம் வருவதற்குள் அலுத்துவிட்டது. ஒமாஹாவில் எல்லோருக்கும் அவள் தெரிந்தாள், பேர் ஒருவருக்கும் தெரியவில்லை. லிண்டலில் பேராவது தெரியும். பனி உருகியதும் திரும்பினாள். பாலத்தின் நடுவில் ஜன்னலிலிருந்த பெண்ணை நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பிறகு வருஷங்கள் போயின. கொரியாவில் யுத்தம் நடந்தபோது சுவரில் எந்திரத்தின் சக்கரத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. ஈரக்கசிவு என்று நினைத்தார்கள். அதே வாரம் ஏப்ரனின் ஓரம் ஒன்று மளிகைக் கடைக்குள் தானாக நடந்து வந்தது. அடுத்து காலணிகள். இடுப்பு வரச் சில வருஷம் ஆனது. கைகள் வந்த அன்று சோர்பியின் கடையில் நெல்ஸ் நின்றிருந்தார். முட்டைப் பெட்டியைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் பார்த்தார்.

"கையில என்ன, சூடு பட்டுருச்சா?"

"அது போன வருஷத்துது."

"வெண்ணெய் போட்டியா?"

"போட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். அவள் காபி ஊற்றினாள். அவர் அந்தக் கைகளைப் பார்த்துப் பேசினார், ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு எழுபது கடந்திருந்தது. கல்யாணப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. இருட்டுவதற்குள் அவர் எழுந்து போய்விடுவார். அந்த வீட்டில் மீதி நேரமெல்லாம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

அவள் கழுத்துப் பட்டி வரை தெரிய வந்த வருஷம், சுவர்ப் படத்தைச் சீர்செய்ய லிங்கன் நகரிலிருந்து ஓர் இளைஞன் தூரிகைகளோடு வந்தான். வெளுத்துப்போன சிவப்பைத் திரும்ப ஏற்றிவிட்டால் எந்திரம் புதுசாகிவிடும் என்றான். ஊருக்குச் சந்தோஷம்தான். நெல்ஸ் கைத்தடியோடு வந்து சுவரின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"எந்திரம் போகட்டும்."

"ஐயா, இது உங்களோடதுதானாமே. வேற படம்கூட இல்லைன்னாங்க."

"இல்லதான். போகட்டும்."

"பெருசாக்கச் சொன்னதே நீங்கதானே, நெல்ஸ்?" என்றார் தபாலாபீஸ் அதிகாரி.

"நான்தான் சொன்னேன்." நெல்ஸ் தடியைத் தரையில் ஊன்றினார். "அவ நின்ன இடம்னு யோசிக்கல. இப்ப சொல்றேன், தொடாதீங்க."

டில்டா கதவருகே முட்டைப் பெட்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்துக்கொண்டாள். இளைஞன் பன்றியின் வாலை மட்டும் துடைத்துவிட்டுப் போனான்.

அடுத்த பிப்ரவரியில் நெல்ஸ் இறந்தார். டில்டாவின் முகம் இன்னும் வந்திருக்கவில்லை. சுவரில் முகத்தை மறைத்த மேல் சக்கரத்துக்கு ஆம்ஸ்டன் இரண்டு பூச்சு கொடுத்திருந்தான். அடக்கத்தன்று சர்ச்சில் அவள் மூன்றாம் பெஞ்சுக்குப் போனபோது பெண்கள் நகர்ந்து, இறந்தவரின் குடும்பம் உட்காரும் முதல் பெஞ்சில் இடம் விட்டார்கள். கறுப்புக் கோட்டு, மடியில் கோத்த இரண்டு கைகள், கழுத்துப் பட்டி. அதற்கு மேலே பின்சுவரின் பலகைகள் தெரிந்தன. யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அழுகிறாள் என்பது தோளிலேயே தெரிந்தது. சோர்பியின் மனைவி கைக்குட்டையை நீட்டினாள். டில்டா வாங்கிக்கொண்டு, நனைந்ததும் நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் கீழ்த்தளத்துக்குக் காபி குடிக்க இறங்கினார்கள். அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றி, சர்க்கரை வேண்டுமா என்று அவளைப் பார்த்துக் கேட்டார்கள்.