சுகமானது என்று எழுதாத கதை

1

இந்தக் கதை ஒரு கொப்பியில் தொடங்கியது. திருகோணமலையில், ஹோட்டல் வேலைக்கான மாலைநேர ஆங்கில வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவள் றுமானா. விரல்கள் வெடித்து அவளால் பேனை பிடிக்க ஏலாமல் போனதால் அவளுக்கும் சேர்த்து நான் குறிப்பு எழுதினேன். வீட்டுக்குப் போய் என் நாட்குறிப்பில் அவளுடைய கையைப் பற்றியும் எழுதினேன். கதையாக்கலாமா என்று கேட்டபோது, "எழுது நிரோ. ஆனா என்ன அழ வெச்சிராத," என்றாள்.

முதல் தொடக்கம்: துறைமுகத்தின் நீலம் றுமானாவின் கண்களில்...

(வேண்டாம். அவள் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக் குசினியிலிருந்து கடல் தெரியாது.)

2

இரண்டாம் தொடக்கம். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் உள்ள சாப்பாட்டுக் கடையில் றுமானா மூன்று மாதமாக இறால் உரித்தாள், சட்டி கழுவினாள். அவளுக்கு வேண்டியது அடுப்பு. பயிற்சிக்கு வந்த இருவரில் ஒருவரை இந்த மாத முடிவில் அடுப்பு வேலைக்கு எடுப்பதாகத் தலைமைச் சமையற்காரர் ஜமால்தீன் சொல்லியிருந்தார். (அண்ணனை அழைப்பது போல அவரைக் காக்கா என்பாள்.) அதற்குள் அவளுடைய விரலிடுக்குகள் சிவந்து தோல் உரிந்தன. தேசிக்காய்ப் புளி பட்டால் உயிர் போய் வந்தது. இறப்பர் கையுறைக்குள் ஒளித்தாள். உள்ளே வியர்த்து இன்னும் மோசமானது.

3

தோல் கிளினிக்குக்கு றுமானாவோடு அவளுடைய உம்மா பல்கீஸும் போனார். (முதல் பிரதியில் பல்கீஸைக் கோபக்காரியாக எழுதியிருந்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவரிடம் இருந்தது பெருமை.)

"சின்ன வயசில இவவுக்கு முழங்கை மடிப்பில கரப்பான் சொறி இருந்ததா?" என்று டொக்டர் கேட்டார்.

"இருந்திச்சி டொக்டர். அஞ்சு வயசிலயே நான் சுகமாக்கிட்டன். இறால் இல்ல, கணவாய் இல்ல, கத்தரிக்காய் இல்ல. இவவுக்காக நானும் தொடல்ல. இப்ப போய் இறாலுக்குள்ளயே கைய விட்டிருக்கா!"

"இறாலில மட்டும் பழியப் போடாதேங்கோ அம்மா. அந்தக் கரப்பான் அடங்கினது, அவ்வளவுதான். தோல் அதே தோல். சின்னனில அது இருந்தவைக்குப் பிறகு கையில வாற சாத்தியம் அதிகம்.* நாள் முழுக்கத் தண்ணியும் சவுக்காரமும் பட்டா எழும்பும்."

"அப்ப நான் அஞ்சு வருஷம் இறால் தின்னாம இருந்தது?"

"அதாலதானே உம்மா இன்னும் மெலிவா இருக்கீங்க," என்றாள் றுமானா.

பல்கீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

* இதைச் சரியாகத்தான் எழுதினேனா என்று றுமானாவிடம் இரண்டு தடவை கேட்டேன். எல்லோருக்கும் வரும் என்று டொக்டர் சொல்லவில்லையாம்.

4

மாத முடிவுவரை ஒளிப்பதா, சொல்வதா? மறுநாள் காலை றுமானா கையுறையைக் கழற்றி, இரண்டு கைகளையும் ஜமால்தீனுக்கு முன்னால் நீட்டினாள்.

"இது தொத்தாது காக்கா. சின்னனில இருந்தே உள்ள தோல். தண்ணி வேலய விட்டா அடங்கும்."

"அப்ப நீ எங்க நிக்கப் போறாய்?"

"அடுப்பில."

"கை வருத்தத்தக் காட்டி அடுப்புக் கேக்கிற ஆள இப்பதான் காணுறன்!" வெடிப்புகளை உற்றுப் பார்த்தார். "திறந்த காயத்தோட சமைக்க விட ஏலாது. ஓடர் எழுதுற மேசைக்குப் போ. காயம் மூடட்டும், பாப்பம்."

5

முடிவு ஒன்று: றுமானாவின் கை முற்றாகச் சுகமானது. அடுப்பின் முன்னால் அவள்...

இதை வாசித்துக் காட்டியபோது அவள் இடையில் நிறுத்தினாள். "சுகமாயிட்டு எண்டு எழுதாத நிரோ. உம்மாவும் அப்பிடித்தானே சொன்னா. அத நம்பித்தான் நான் மூணு மாசம் கையக் கவனிக்கல்ல."

முடிவு இரண்டு: ஜமால்தீன் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ("சீ, அந்த மனிசன் அவ்வளவு மோசமில்ல," என்றாள். அழித்தேன்.)

மூன்றாவது எனக்கு வரவில்லை. வகுப்பில் கேட்டால் கதைக்கு முடிவு வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இன்றைய நிலை மட்டும். மேசைக்குப் போய்ப் பத்து நாள். வெடிப்புகள் மூடிவிட்டன, வலது பெருவிரலில் ஒன்றைத் தவிர. நேற்று ஜமால்தீன் குழம்புக் கரண்டியை நீட்டி, "உப்புப் பாரு," என்றாராம். உப்புக் கூடிப்போச்சு என்று அவள் சொன்னதும் தேங்காய்ப் பால் ஊற்றினாராம். இதைச் சொல்லும்போது அவள் முகம் பார்க்க நன்றாக இருந்தது.

மாத முடிவுக்கு இன்னும் நான்கு நாள். நீங்கள் வாசிக்கும்போது அந்த நாள் கடந்திருக்கும். அவளை அடுப்பில் நிறுத்துவதும் மேசையில் விடுவதும் உங்கள் விருப்பம். எங்கே நிறுத்தினாலும், கை கழுவியதும் கிரீம் பூச அவளுக்கு ஒரு நிமிடம் விடுங்கள்.