ஜாம் ஆன ஜீப்பும் எல்லம்மாளின் மருமகளும்

இளஞ்செழியன் வாங்கிய ஜீப், ஒரு டிராக்டரின் பின்னால் சங்கிலியில் கட்டப்பட்டு அடி அண்ணாமலையிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இளஞ்செழியன் உள்ளே உட்கார்ந்திருந்தான். வழியில் தெரிந்த முகம் தென்பட்டபோதெல்லாம் கையை உயர்த்தினான். முன்னால் போகிற டிராக்டருக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டான். சங்கிலிதான் ஒத்துழைக்கவில்லை, கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

இளஞ்செழியன் ஆயுள் காப்பீட்டு முகவர். சாவைப் பற்றிச் சிரித்த முகத்தோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசக்கூடியவன். அப்படிப்பட்டவனிடமே ஒருவர் ஜீப்பை விற்றிருக்கிறார் என்றால் அந்த அருணகிரியின் திறமையை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருந்த அருணகிரி, அந்தப் பழைய ஜீப்பை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பல வருடமாக நிறுத்தி வைத்திருந்தார். டயர்கள் பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்தன. "நிறுத்தும்போது ஓடிக்கினுதான் சார் இருந்துச்சு" என்று அவர் சொன்னதை இளஞ்செழியன் ஒரு பெரிய உத்தரவாதமாக எடுத்துக்கொண்டான். எல்லா வண்டியும் நிறுத்துகிறவரைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

பின் சீட்டுக்கு அடியில் ஒரு கோழியும் கூடவே வந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே அருணகிரி மொபெட்டில் வந்து கோழியைப் பிடித்துக்கொண்டு போனார். ஜீப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது ஓடுமா?" என்று கேட்டாள் அவன் மனைவி அறிவுமதி.

"ஓடும். இப்ப இல்ல."

ராஜகோபுரத்துக்குப் பக்கத்துத் தெரு லாட்ஜ் ஒன்றில் அவளுக்கு வரவேற்பு மேசையில் வேலை. இரண்டு பேர் தங்கும் அறையில் பௌர்ணமிக்குப் பன்னிரண்டு பேர் படுத்து எழுந்துவிட்டு, சோப்பு சின்னதாக இருந்தது என்று சண்டை போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். வீட்டிலும் வாய் வலிக்கப் பேச அவளுக்குத் தெம்பு இல்லை.

செங்கம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் ஜானி பாஷா 'நாளைக்கு வந்துடறேன் சார்' என்று சொன்னார். அந்த நாளை பல நாள் கழித்து வந்தது. பம்பரில் இருந்த துளை வழியாக, எஞ்சினைக் கையால் சுற்றுகிற ஹேண்டிலை விட்டு, உடம்பின் மொத்த எடையையும் போட்டு அழுத்திப் பார்த்தார். அவர் எடை கொஞ்ச நஞ்சமல்ல. ஜீப் மொத்தமாக ஒருமுறை குனிந்து எழுந்ததே தவிர ஹேண்டில் அசையவில்லை.

"ஜாம் சார்."

"எவ்ளோ ஜாம் பாய்?"

"ஜாம்ல இன்னா சார் ஜாஸ்தி கம்மி? ஜாம்னா ஜாம்தான். உள்ள பிஸ்டன் துருப்புடிச்சு ஒட்டிக்கிச்சு. ப்ளக்க கழட்டிட்டு அந்த ஓட்டைல டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி ஊற வுடுங்க. ஹேண்டில்ல ஒரு நீட்டு பைப்ப மாட்டி, தெனமும் பையப் பைய அமுக்குங்க. அவசரப்பட்டு ஒதைச்சீங்கன்னா உள்ள எதனா ஒடஞ்சிடும்."

"எப்ப விடும்?"

"வுடற அன்னிக்கு வுடும் சார்" என்று சொல்லிவிட்டு ஜானி பாஷா டீ குடித்துவிட்டுப் போனார்.

இளஞ்செழியன் முதல் சில நாட்கள் மும்முரமாக அழுத்தினான். பிறகு இடுப்பில் பிடித்துக்கொண்டது. அதோடு உடலுழைப்பை விட்டுவிட்டு நிர்வாகப் பொறுப்புகளுக்கு மாறினான். சீட்டுக்குத் தோல் உறை வந்தது. பனிவிளக்குகள் வந்தன. காட்டில் வேட்டைக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு தொப்பி வந்தது. வாட்ஸப்பில் 'மலையேறும் ஜீப் நண்பர்கள்' என்று ஒரு குழு ஆரம்பித்துத் தானே அட்மினாகவும் ஆனான். வண்டியின் பின்பக்கம் 'பாதை முடியும் இடத்தில் என் பயணம் தொடங்கும்' என்று ஸ்டிக்கர் ஒட்டினான். வீட்டு வாசலில் தொடங்க வேண்டிய பயணம்தான் பாக்கி இருந்தது.

தெருவில் போகிறவர்கள் எல்லாரும் மருத்துவம் சொன்னார்கள். ஒருவர் தேங்காய் எண்ணெய் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் கூல்டிரிங்க்ஸ் ஊற்றச் சொன்னார். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நின்று, இந்த எஞ்சின் ஆழ்ந்த அமைதியில் இருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அமைதிதான் பிரச்சினையே என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இளஞ்செழியன் அதையும் படம் பிடித்துக் குழுவில் போட்டான்.

வண்டியை உண்மையில் பயன்படுத்தியவர்கள் குரங்குகளும் பக்கத்து வீட்டு எல்லம்மாளும்தான். குரங்குகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து புதுத் தோல் உறையைக் கிழித்தன. எல்லம்மாள் பானெட்டில் பழம்புடவையை விரித்து வடகம் காயவைத்தாள். இரும்புச் சூட்டில் நன்றாகக் காய்வதாகச் சொன்னாள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் லாட்ஜில் ஒரு குடும்பம் அறிவுமதியைப் பிடித்துக்கொண்டது. மலை தெரிகிற அறை என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள், ஜன்னலைத் திறந்தால் மேகம்தான் தெரிகிறது என்று அந்த வீட்டு மனிதர் கத்தினார். மேகம் விலகும் என்று அறிவுமதி சொன்னாள். எப்போது விலகும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் அவர். மேனேஜர் ஓடி வந்து, நடந்ததற்கு மன்னிப்புக் கேள் என்று அறிவுமதியிடம் சொன்னார். அவளும் மேகத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

வாசலில் ஜீப் நின்றது. ஹேண்டிலில் மாட்டிய பைப் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. அறிவுமதி கைப்பையைப் பானெட்டில் வைத்துவிட்டு, பைப்பை இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு கீழே அழுத்தினாள். எதுவும் அசையவில்லை. ஆனால் மேனேஜரின் முகம் மனதில் இருந்ததால் விடவும் மனம் வரவில்லை. கை சிவக்கும்வரை அழுத்திவிட்டு உள்ளே போனபோது உடம்பு லேசாக இருந்தது. அன்று ராத்திரி சாப்பாடுகூட ருசித்தது.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அழுத்துவது வழக்கமாகிவிட்டது. ப்ளக் ஓட்டைகளில் டீசலும் ஆயிலும் குறைந்தால் அவளே ஊற்றினாள். வடகம் எடுக்க வந்த எல்லம்மாள் ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"இன்னாமா பண்ற?"

"ஒண்ணுமில்லக்கா. லாட்ஜ்ல ஒருத்தன்."

எல்லம்மாளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கொஞ்சம் யோசித்தாள். அவள் மருமகள் கவியா தாய் வீட்டுக்குப் போனபோது மிக்ஸியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்க. நானும் ஒரு கை வெக்கிறேன்."

அன்றிலிருந்து இரண்டு பேராக அழுத்தினார்கள். அறிவுமதி மனதுக்குள் திட்டுவாள். எல்லம்மாளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. "மிக்ஸியப் பூட்டுவியாடி? பூட்டுவியா?" என்று சொல்லிக்கொண்டே அழுத்துவாள். தெருவில் போகிறவர்கள் இதையும் ஏதோ ஒரு வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

ஒரு சாயங்காலம், கவியாவின் அம்மாவையும் சேர்த்து எல்லம்மாள் திட்டத் தொடங்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பைப் சட்டென்று கீழே போனது. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"ஐயையோ, ஒடச்சிட்டமா?" என்றாள் எல்லம்மாள்.

அறிவுமதி எழுந்து பைப்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினாள். எஞ்சினுக்குள் எங்கேயோ கரகரவென்று உரசியது. பிறகு ஹேண்டில் முழுச் சுற்றும் சுற்றியது. ப்ளக் ஓட்டையிலிருந்து துரு கலந்த எண்ணெய் பீய்ச்சி அவள் புடவையில் அடித்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை லாட்ஜில் அவள் என்ன சொன்னாலும் எதுவும் நகராது. இங்கே அவள் அழுத்தியதில் ஒன்று நகர்ந்துவிட்டது. ஒரு பழைய இரும்புக்காகக் கண் கலங்குவது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே ஓடினாள். இளஞ்செழியன் செல்போனில் வண்டிக்குக் கூடாரம் தேடிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, எஞ்சின் விட்டுடுச்சு! சுத்துது!"

"ஹேண்டில் வழுக்கியிருக்கும் மதி" என்றான் நிமிராமல். "இதெல்லாம் டெக்னிக்கல். பச்சையா, காக்கியா, எது நல்லா இருக்கும் சொல்லு."

எழுந்து வாசல்வரை வந்து பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். அவன் வரவில்லை. அறிவுமதி பச்சை என்று சொல்லிவிட்டு ஜானி பாஷாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், நீங்களா? சார் எங்க?"

"சாருக்குக் கூடார வேலை இருக்குது பாய். நீங்க வாங்க."

எஞ்சின் சுற்றுகிறது என்று கேட்டதும் ஜானி பாஷா அன்றைக்கே வந்தார். அவர் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். டேங்கிலிருந்து ஒரு வாளித் துருவும் ஒரு குளவிக் கூடும் எடுத்தார். பிரேக்கைச் சரிசெய்தார். அடுத்தடுத்து வந்த சாயங்காலங்களில் அறிவுமதி கூடவே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள், பிறகு வாங்கித் தானே திருகினாள். இளஞ்செழியன் இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்து, பணிகள் திட்டமிட்டபடி முன்னேறுவதாகக் குழுவில் அறிவித்தான்.

அவன் ஒரு கூட்டத்துக்காக வேலூர் போயிருந்த சாயங்காலத்தில் ஜீப் ஸ்டார்ட் ஆனது. முதலில் இருமியது. பிறகு தெருவே மறையும்படி புகையைக் கக்கியது. அப்புறம் கடகடவென்று நின்ற இடத்திலேயே ஆடத் தொடங்கியது. எல்லம்மாளின் வடகம் கறுத்துப்போனது. "போனாப் போவுது, மருமவ வந்தா அவளுக்குப் போட்டுக்கலாம்" என்றாள் எல்லம்மாள்.

வேலூரிலிருந்து திரும்பிய இளஞ்செழியன், அறிவுமதி மறுபடி ஓட்டிக் காட்டிய எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு செல்போனை எடுத்தான். "நான்தான் அப்பவே சொன்னேனே, விடும்னு" என்று குழுவில் பேசி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வரவேண்டும் என்றும் அழைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்தார்கள். இளஞ்செழியன் தொப்பியோடு ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட் ஆனது. எல்லாரும் கை தட்டினார்கள். கியரைப் போட்டான். இரும்புக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. மறுபடி போட்டான். இந்த முறை கியர் விழுந்தது, ஆனால் அது ரிவர்ஸ். ஜீப் பின்பக்கமாகப் பாய்ந்து சாக்கடைக்குள் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது. நண்பர்கள் இப்போதும் கை தட்டினார்கள். எதற்கு என்று தெரியவில்லை.

"இறங்குங்க" என்றாள் அறிவுமதி.

"உனக்கு இது ஓட்டத் தெரியாது மதி."

"எங்க அப்பா டிராக்டர்லதான் ஓட்டிப் பழகினேன். அதுவும் இதே மாதிரிதான் அடம் புடிக்கும். இறங்கிப் பின்னாடி ஏறுங்க."

இத்தனை பேர் முன்னால் வாதாட முடியாமல் அவன் பின்னால் ஏறினான். எல்லம்மாள் யாரும் கூப்பிடாமலே முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அறிவுமதி கிளட்சை இரண்டு முறை மிதித்து, சத்தமில்லாமல் முதல் கியரைப் போட்டாள். நான்கு சக்கரத்துக்கும் இழுவை தருகிற சின்ன கியரையும் தள்ளினாள். ஜீப் சாக்கடையிலிருந்து மெல்ல ஏறி வெளியே வந்தது. இந்த முறை யாரும் கை தட்டவில்லை, வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

ஊரைத் தாண்டியதும் அவள் தார்ச் சாலையை விட்டு ஏரிப் பக்கம் திருப்பினாள்.

"மதி, ரோட்டுல போ! பெயிண்ட்! பெயிண்டு போயிடும்!"

"பாதை முடியற எடத்துலதான உங்க பயணம்?" என்றாள் அவள்.

சேறு, கருவேல முள், மாடுகள் மிதித்த பள்ளம் எல்லாவற்றிலும் ஜீப் ஏறி இறங்கியது. எல்லம்மாள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் "அண்ணாமலையாரே" என்றாள். பின்னால் இளஞ்செழியன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதலில் பயந்தான், பிறகு கத்தினான், கரையேறும்போது தன்னையறியாமல் சிரித்துவிட்டான். சிரித்ததை யாரும் பார்த்தார்களா என்று திரும்பியும் பார்த்துக்கொண்டான்.

கரைமேல் ஏறியதும் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அறிவுமதி எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். அந்த நேரம் பார்த்து குழுவிலிருந்து யாரோ போன் செய்தார்கள்.

"ஆமாம்ப்பா, ஏரிக்கரையில இருக்கோம்" என்றான் இளஞ்செழியன். அறிவுமதியைப் பார்த்தான். குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் ஓட்டல. அவதான். ...ஆமா, எஞ்சினும் அவதான் ரெடி பண்ணா. பக்கத்து வீட்டு அக்காவும். ...நானா? நான் ஸ்டிக்கர் ஒட்டினேன்."

அறிவுமதி கீழே குனிந்து எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹேண்டில் வழுக்கிச்சுன்னு சொன்னேன்ல" என்றான் அவன் போனை வைத்துவிட்டு. "வந்து பாத்திருக்கணும்."

"பாத்திருக்கணும்."

அவன் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, வண்டியில் கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு தூரத்தில் தெரிந்த பம்புசெட்டைப் பார்த்து நடந்தான். வரப்பில் வழுக்கி வழுக்கித் திரும்பி வந்தபோது வாளியில் பாதிதான் இருந்தது.

"இது பத்தாதுங்க" என்றாள் அறிவுமதி. "இன்னொரு தடவ போயிட்டு வாங்க."

அவன் வாளியோடு திரும்பவும் வரப்பில் இறங்கினான். எல்லம்மாள் மரநிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, மிக்ஸி விஷயத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.