பந்தைப் பிடித்த விரல்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் லானி டேக்கெட் தன் டிரக்கின் பின்கதவை இறக்கி, கல்லூரி மைதானத்துக்கு வெளியே புல்தரையில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டான். ஆட்டம் என்னவோ ஒரு மணிக்குத்தான். ஆனால் ஒரு மணி ஆட்டத்துக்கு ஒரு மணிக்கு வருகிறவனை எங்கள் ஊரில் யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். பக்கத்து டிரக்கில் பன்றி விலா வெந்துகொண்டிருந்தது. லானியின் அடுப்பில் சாசேஜ். முதல் பீரைத் திறந்தது பத்தரைக்கு; நான்காவதை எப்போது திறந்தான் என்று அவனுக்கே ஞாபகமில்லை.

காலையில் கிளம்பும்போதே அவன் மனைவி நடீன் சொல்லித்தான் அனுப்பினாள். அவளுக்குச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் வேலை. "வாயைக் கொஞ்சம் கட்டி வைங்க. பிள்ளைங்க கூட வருது."

"மைதானத்துல கத்தாம, சர்ச்சுல போயா கத்துவாங்க?" என்று சிரித்தான் லானி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிள்ளைகள் இரண்டு. சின்னவன் ஜட்டுக்கு ஆறு வயது; முகமெல்லாம் கல்லூரியின் பச்சை நிறத்தைப் பூசிக்கொண்டு டிரக்கைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். பெரியவள் வில்லாவுக்குப் பத்து. அவள் மடியில் ஒரு பந்து. அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கான, இரண்டு முனையும் கூரான, தோல் தேய்ந்த பந்து. சாப்பிடும்போதுகூட அதைக் கீழே வைக்கவில்லை.

வில்லாவுக்குப் பந்தை உதைக்கப் பிடிக்கும். ஓடுவது, மோதுவது, பிடுங்குவது எதிலும் அவளுக்கு ஆசையில்லை. பந்தை நிறுத்தி வைத்து, ஓடி வந்து, இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்புவது மட்டும்தான். டயர் கடையிலிருந்து லானி எத்தனை களைப்பாக வந்தாலும், கொல்லையில் ஒரு காலில் மண்டியிட்டு உட்கார்ந்து, பந்தைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் உச்சியில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொள்வான். அவள் ஓடி வந்து இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவே உதைப்பாள். ஒருமுறை பந்துக்குப் பதில் விரலை உதைத்துவிட்டாள். நகம் கறுத்துப் போயிற்று. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த நகத்தைக் காட்டி, "என் பொண்ணு காலு எப்படின்னு பார்த்தீங்களா?" என்பான் லானி. அவனைக் கெட்டவன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்லவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஆகஸ்டில், குழந்தைகள் ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்கும் நாளில், வில்லா நேராக நாற்பத்தொன்றாம் எண் சட்டை போட்டவனிடம்தான் போனாள். மிக்கா ஸ்டோவர். கல்லூரி அணிக்காகப் பந்தை உதைக்கிறவன். இருபது வயது, ஒல்லி உடம்பு. மற்றவர்களிடம் எல்லாம் நீண்ட வரிசை. இவனிடம் இவள் ஒருத்திதான்.

"நீயும் உதைப்பியா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். "அப்ப ஒண்ணு சொல்றேன் கேளு. பந்து எங்க போகுதுன்னு பார்க்கற ஆசையில தலையை நிமிர்த்திடுவோம். அங்கதான் தப்பாப் போகும். உதைச்சு முடிச்சப்புறம் நிமிரு." கையெழுத்துப் போட்டுவிட்டு, "நம்ம மைதானத்துல கடைசி ஆட்டம் முடிஞ்சதும் கீழ வா. நான் பந்தைப் பிடிக்கறேன், நீ உதை. பார்க்கலாம்," என்றான்.

எங்கள் கல்லூரியில் ஆட்டம் முடிந்ததும் குழந்தைகளைப் புல்லில் இறங்க விடுவார்கள். அன்றிலிருந்து வில்லா வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இன்று அந்தக் கடைசி ஆட்டம்.

லானியின் இருக்கைகள் பதினாலாவது வரிசையில். அவன் அப்பா காலத்திலிருந்து வருவது. சுற்றி உட்காருகிறவர்களும் இருபது வருஷமாக அதே ஆட்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணம், சாவு எல்லாம் மற்றவருக்குத் தெரியும். அதனால் அங்கே யாரும் யோசித்துப் பேசுவதில்லை. தங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைப்பு. அன்று லானிக்கு நேர் முன்வரிசையில் வழக்கமான ஹோபார்ட் தம்பதியைக் காணோம். அந்த இடத்தில் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், பழுப்பு கோட்டைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

லானி வேர்க்கடலைப் பையை நீட்டினான். "ஹோபார்ட் வீட்டுச் சொந்தமாங்க?"

"இல்லைங்க. தெரிஞ்சவங்க டிக்கெட் வாங்கிக் கொடுத்தாங்க," என்று இரண்டு கடலை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

முதல் பாதியில் மிக்கா ஒருமுறை உதைத்தான். பந்து வலப்பக்கம் போய்விட்டது. "கண்ணு தெரியாதவனை எங்கேருந்துடா பிடிச்சுட்டு வந்தாங்க?" என்று லானி கத்தியதும் வரிசையே சிரித்தது. லானிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். இருபது வருஷமாக அந்த வரிசையைச் சிரிக்க வைக்கிறவன் அவன்தான்.

இரண்டாம் பாதியில் மறுபடி. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. "என் பொண்ணைக் கூப்பிட்டு உதைக்கச் சொல்லுங்கய்யா. இவனை வீட்டுக்கு அனுப்புங்க."

வில்லாவின் காது சிவந்துவிட்டது. "அப்பா, அவரு முன்னாடியே தலையை நிமிர்த்திடறாரு. பயந்து போயிருக்காருப்பா. சும்மா இரேன்."

"பயப்படறவன் எதுக்கு வரணும்?"

முன்வரிசைப் பெண் இரண்டு கைகளையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிய ஒன்பது விநாடி. எங்கள் அணி இரண்டு புள்ளி பின்னால். ஓர் உதை கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, வெற்றி. மிக்கா நடந்து வந்தான். மைதானமே எழுந்து நின்றது. வில்லா பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தலையைக் குனி, தலையைக் குனி," என்று முணுமுணுத்தாள். அவன் ஓடி வந்தான், உதைத்தான், நிமிர்ந்தான். பந்து இடது கம்பத்துக்கு வெளியே ஒரு கை தூரத்தில் போய்விட்டது.

லானி பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டான். "உருப்படாதவனே. எங்கயாவது போய்ச் சாவுடா."

அப்பன் ஏறினால் பிள்ளை ஏற மாட்டானா? ஜட்டும் பக்கத்தில் ஏறி நின்று, கைகளை வாயைச் சுற்றிக் குவித்து, தன் கீச்சுக் குரலில், "போய்ச் சாவுடா," என்றான். தோற்ற எரிச்சலிலும் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவர் எட்டி ஜட்டின் உள்ளங்கையில் தட்டிக்கூடக் கொடுத்தார். உற்சாகம் வந்துவிட்டது பிள்ளைக்கு. மறுபடி கத்தினான்.

அப்போதுதான் முன்வரிசைப் பெண் திரும்பினாள். அவள் பார்த்தது லானியை இல்லை, ஜட்டை.

"உன் பேரு என்ன கண்ணா?"

"ஜட்."

"எத்தனை வயசு?"

"ஆறு."

"என் பையன் உன் வயசுலதான் உதைக்க ஆரம்பிச்சான்," என்று சொல்லிக்கொண்டே கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். உள்ளே ஸ்வெட்டரில், சாசர் அளவில் ஒரு வட்டப் படம் குத்தியிருந்தது. ஆட்டக்காரர்களின் அம்மாக்கள் எல்லாரும் தங்கள் பிள்ளையின் படத்தை அப்படிப் பெருமையாகக் குத்திக்கொண்டு வருவார்கள். இவள் மூடிக்கொண்டு வந்திருந்தாள். படத்தில் நாற்பத்தொன்றாம் எண் சிரித்துக்கொண்டிருந்தது.

லானிக்குக் குடித்த பீர் அத்தனையும் இறங்கிவிட்டது. பெஞ்சிலிருந்து கீழே இறங்கினான். "அம்மா... ஆட்டச் சூட்டுல ஏதோ... மனசுல வச்சு ஒண்ணும் சொல்லலைங்க."

"தெரியும்ங்க. சொல்றவங்க யாரும் மனசுல வச்சுக்கறதில்லை. கேக்கறவன்தான் வச்சுக்கறான்."

வலது கையைத் தூக்கிக் காட்டினாள். ஆள்காட்டி விரல் நடுக்கணுவில் கோணியிருந்தது. "பன்னெண்டு வருஷம் நான்தான் பந்தைப் பிடிச்சேன். ரெண்டு தடவை உடைஞ்சுது." லானி தன் கறுத்த நகத்தைக் கையோடு மடக்கிக்கொண்டான்.

"போன மாசத்துலேருந்து அவன் போன் பூரா இதேதான். போய்ச் சாவு, போய்ச் சாவு. நேத்து என்னைக் கூப்பிட்டு, 'அத்தனை பேரு சொன்னா அதுல ஏதாவது உண்மை இருக்குமாம்மா'ன்னு கேக்கறான். முகம் தெரியாத காலிப் பசங்கடா, விடுன்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த முகம் எப்படி இருக்கும்னு பார்க்கத்தான் இங்க வந்து உட்கார்ந்தேன். நம்ம ஊர்க்காரங்க மாதிரிதான் இருக்கீங்க. கடலைகூடக் கொடுத்தீங்க."

சிரித்தவர்கள் எல்லாம் குனிந்து பை, தொப்பி என்று எதையோ தேடினார்கள்.

வில்லா மட்டும் படிகளில் ஓடிக் கீழே கம்பித் தடுப்புக்குப் போய்விட்டாள். குழந்தைகள் புல்லில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மிக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே, யாரையும் பார்க்காமல், உடை மாற்றும் அறைக்குப் போகும் சுரங்கப் பாதைக்குள் நடந்து போனான். மேலேயிருந்து யாரோ வீசிய காகிதக் கோப்பை அவன் தோளில் பட்டு விழுந்தது. வில்லா பந்தைத் தூக்கிக் காட்டினாள். அவன் திரும்பவில்லை.

அந்த அம்மா இறங்கிப் போகும் வழியில் வில்லாவின் அருகில் நின்றாள். "அவரு என் பந்தைப் பிடிக்கறேன்னு சொன்னாரு," என்றாள் வில்லா.

"நீதானா அது? சொல்லியிருக்கான்." கோட்டை மறுபடி பூட்டிக்கொண்டாள். "இன்னிக்கு வேண்டாம் கண்ணு. இன்னிக்கு அவனால முடியாது."

நடீன் வேலை முடிந்து வந்து டிரக்கை ஓட்டினாள். வழியில் ஜட் தூங்கிவிட்டான். பாதி தூரம் போன பிறகு லானி, "நாளைக்குக் கொல்லையில உதைக்கலாமா கண்ணு?" என்றான்.

"வேண்டாம்ப்பா."

"ஏன்டா?"

"நான் பெரியவளாகி, ஒருநாள் தப்பா உதைச்சுட்டேன்னா, மேல நீ உட்கார்ந்திருப்பே."

"உன்னை நான் திட்டுவேனா? என்ன பேச்சு இது?"

"நீ இல்லேன்னா வேற யாரோட அப்பாவோ."

நடீன் பாதையைப் பார்த்தபடியே ஓட்டினாள். லானி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் மாலை கொல்லையில் மண்டியிட்டு, பந்தை நிறுத்தி, விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அதற்கடுத்த நாளும். வில்லா வரவில்லை. குளிர்காலம் வந்ததும் பந்து கொட்டகைக்குள் போனது. மிக்காவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினான். பதில் இல்லை. ஜனவரியில் அந்தப் பையன் அணியை விட்டு, கல்லூரியையும் விட்டு, அம்மா வீட்டுக்கே போய்விட்டான் என்று கேள்விப்பட்டான். உயிரோடுதான் இருக்கிறான், பதறாதீர்கள். மரக்கடையில் வேலை பார்க்கிறானாம். பந்தைத் தொடுவதில்லையாம்.

அடுத்த இலையுதிர் காலம் வந்தது. வில்லா ஆட்டத்துக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். லானி ஜட்டோடு போனான். அவள் இடத்தில் தொப்பியை வைத்தான். புதிதாக உதைக்கிறவன் பதினெட்டு வயதுப் பொடியன். முதல் உதையையே கோட்டைவிட்டான். பின்வரிசையில் பக்கத்துத் தெரு கிளைட், தன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று, "செத்துத் தொலைடா," என்றான். வரிசை சிரித்தது. அடுத்த வேடிக்கை லானியிடமிருந்து வரும் என்று எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

லானி எழுந்து திரும்பி நின்றான். "கிளைட், அங்க நிக்கறது யாரோ பெத்த பிள்ளை. உன் தோள்ல இருக்கறது நீ பெத்த பிள்ளை. ரெண்டு பேருக்கும் காது இருக்கு. நாம ஆட்டம் பார்க்கத்தான் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றோம்னு நினைக்கறோம். அதுங்க நம்மளைத்தான் பார்க்குது. போன வருஷம் இதே இடத்துல நான் கத்தினதுல ரெண்டு பிள்ளைங்க பந்தை உதைக்கறதை விட்டுடுச்சு. அதுல ஒண்ணு என்னோடது." தொப்பி இருந்த இடத்தைக் கையால் காட்டிவிட்டு உட்கார்ந்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஜட் ஓடிப்போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வில்லா கொஞ்ச நேரம் கழித்து அப்பாவிடம் வந்தாள்.

"நீ சொன்னதும் கிளைட் என்ன பண்ணினாரு?"

"உட்கார்ந்துட்டாரு."

"போன வருஷம் யாராவது உனக்கு அப்படிச் சொல்லியிருந்தா, நீயும் உட்கார்ந்திருப்பியாப்பா?"

லானி யோசித்தான். "தெரியலைம்மா. உட்கார்ந்திருப்பேன்னுதான் நினைக்கறேன். ஆனா யாரும் சொல்லலை. எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்ப சிரிச்சவங்களும்தான்ப்பா மிக்காவைத் துரத்தினாங்க," என்றாள் வில்லா.

லானி தலையாட்டினான். அவள் உள்ளே போய்விட்டாள். பந்து கொட்டகையிலேயே இருந்தது.